கழுதை வாக்குக் கொடுக்கவில்லை

தலைமன்னாரில் றஞ்சிதம் தும்மினால் தனுஷ்கோடியில் இருப்பவர்கள் "நூறு" என்று வாழ்த்துவார்கள். இது ஊரார் சொன்னதல்ல. றஞ்சிதமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. கேட்பவர் புருவத்தைத் தூக்கினால் உடனே இறங்கி வருவாள்.

"சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னனான். தனுஷ்கோடி வரைக்கும் போகாது. நடுக்கடலில மணல்திட்டுகள் இருக்கெல்லோ, அதில முதலாவது வரைக்கும் போகும். நம்பாட்டி அங்க இருக்கிற கடல் காகங்களைக் கேட்டுப் பாருங்கோ."

கடல் காகங்களைப் போய் யார் கேட்பது? பேச்சு அங்கேயே நின்றுவிடும். பெருமை மட்டும் நிலைத்துவிடும்.

அந்தக் குரலை அவளுக்கு வளர்த்துக் கொடுத்தது ரயில், ஊர்ப் பேச்சில் கோச்சி. ஊருக்குள் நுழையும் வழியில், தண்டவாளம் தெருவை வெட்டிச் செல்லும் இடத்தில் ஒரு கடவை இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் பூசிய குறுக்குமரம், பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டில், கொட்டிலுக்குள் ஒரு கதிரை, இரண்டு கொடி, ஒரு சின்ன ரேடியோ. கோச்சி வருமுன் மரத்தை இறக்குவதும் போனபின் ஏற்றுவதும்தான் றஞ்சிதத்தின் வேலை. ஆனால் இறக்கிய மரத்துக்குக் கீழால் சைக்கிளைச் சரித்துக்கொண்டு நுழைகிற இளவட்டங்களையும், மரம் இறங்கினால் என்ன ஏறினால் என்ன என்று தண்டவாளத்தின் நடுவில் நின்று யோசிக்கிற கழுதைகளையும் விரட்டுவதற்குக் கொடி போதாது. இளவட்டங்கள் கொடியைப் பார்த்துச் சிரிக்கும். கழுதைகள் கொடியைத் தின்னப் பார்க்கும். ஆகவே அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் பிறகு மூடவேயில்லை.

அவளுடைய புருஷன் கொன்ஸ்ரன்ரைன் கடற்றொழிலாளி. ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடக்கலாம். "வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பது அவர் கொள்கை. அதையும் அவர் சொன்னதில்லை. றஞ்சிதம்தான் அவருக்காகச் சொல்லிவிடுவாள்.

கொழும்பிலிருந்து காலையில் வருகிற கோச்சியில் பயணிகள் படித்துவிட்டுப் போட்ட பேப்பர்களைக் கார்ட் ஐயா சுருட்டிக் கடவையடியில் எறிந்துவிட்டுப் போவார். அதைப் படித்து, ரேடியோவையும் கேட்டு, அடுத்த முறை மரத்தை இறக்கும்போது நாட்டு நடப்பு முழுவதையும் நெஞ்சில் ஏற்றி வைத்திருப்பாள். மரம் இறங்கியதும் இரு பக்கமும் சனம் சேரும். மன்னார் பஸ், மீன் ஏற்றிய லொறி, ஓட்டோக்கள், சைக்கிள்கள். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கேட்டே ஆகவேண்டும்.

"கேற் பூட்டியிருந்தால் பாராளுமன்றம் கூடியிருக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ" என்பார் தாவூது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் அவர். கலியாணமோ, கந்தூரியோ, திருவிழாவோ, தேர்தலோ, எதுவானாலும் அவருடைய அம்பிளிபயர் பெட்டியும் நாலு ஹோர்னும் ஓட்டோவில் ஏறிவிடும். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் சத்தத்தைப் பெருப்பித்தே பழகிய மனிதருக்கு, பெருப்பிக்கத் தேவையில்லாத ஒரு சத்தத்தைக் கேட்பதில் தனி மரியாதை. கோச்சி வருகிற நேரம் பார்த்துக் கடவைக்கு முன்னால் ஓட்டோவை மெதுவாக்கி, வேண்டுமென்றே அகப்பட்டுக்கொள்வார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு என்ன சொல்றாங்க?"

"இந்தியாவுக்குக் கப்பல் விடப் போறாங்களாம் நானா."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். கடலைத் தாண்டுறது இருக்கட்டும், பின்னேரம் மன்னாரில இருந்து வாற பஸ்ஸ முதல்ல ஒழுங்கா விடச் சொல்லுங்கோ. கப்பலால வந்து இறங்குறவன் வீட்டுக்கு நீந்தியே போறது?"

பஸ்ஸுக்குள் இருந்த சனம் கைதட்டியது. பஸ் சாரதியும் ஹோர்னை அமத்தி வழிமொழிந்தார்.

"இந்தியாக்காரர் சந்திரனுக்கே போய் இறங்கிட்டாங்கள் அக்கா" என்று மீன் லொறியிலிருந்து ஒருவன் தூண்டிவிட்டான்.

"அதுதான் தம்பி எனக்கும் விளங்கேல்ல. சந்திரனில எந்த இடத்தில இறங்குறது எண்டு அளந்து வச்சிருக்கிறாங்கள். எங்கட கடலில எல்லை எங்க இருக்கு எண்டு அவங்கட மீன்பிடி றோலருக்கு மட்டும் தெரியுதில்ல."

பாராளுமன்றத்தில் கைகலப்பு என்று பேப்பரில் வந்த நாள் அவள் சொன்னாள்: "எங்கட மீன் வாடியில இதைவிட ஒழுங்காச் சண்டை பிடிப்பினம். ஆருக்கு என்ன வேணும் எண்டாவது விளங்கும்." தேங்காய் விலை ஏறிய காலத்தில், தேங்காய் இல்லாமலும் சமைக்கலாம் என்று யாரோ பெரிய மனிதர் ரேடியோவில் புத்தி சொன்னார். "சமைக்கலாம். தேங்காய் இல்லாத சொதியை முதல் கோப்பை அவருக்கு அனுப்புங்கோ. குடிச்சுப்போட்டுத் திரும்பவும் ரேடியோவில வந்து கதைக்கட்டும்." கிரிக்கெட் என்றால் இன்னும் மோசம். "தொடக்கத்தில ஆட வாறவங்களைப் பாருங்கோ. அடுப்பில உலை வச்சிட்டு வந்த பொம்பிளையள் மாதிரி, வந்த உடன திரும்பிப் போக அவசரம்."

ஆனால் நியாயமானவள். பெண்கள் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, மறுநாள் காலையில் கோச்சி போய், புகையும் அடங்கிய பிறகும் கேற் திறக்கவில்லை. மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெண்ட பிள்ளையளுக்குக் கை தட்டாம ஒருத்தரும் இந்தத் தண்டவாளத்தைத் தாண்டேலாது."

லொறிக்காரர், பஸ்காரர், கன்னியாஸ்திரிகள் இருவர், தாவூது, எல்லாரும் தட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டிய பிறகே மரம் ஏறியது.

அந்த வாயால் ஒரே ஒரு முறைதான் ஊரே குழம்பியது. தலைமன்னாரில் ரேடியோவைத் திருகினால் கொழும்பைவிட இந்தியாதான் தெளிவாகக் கேட்கும். ஒரு மாரிகாலத்துக் காலையில், கன மழை காரணமாகப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை என்று ரேடியோ அறிவித்தது. மாவட்டத்தின் பெயர் வந்த நேரம் கோச்சியும் வந்ததால் அந்த ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழவில்லை. கடவையில் காத்து நின்ற வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளைப் பார்த்து, "பிள்ளையள், இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்ல! கன மழை! வீட்ட போங்கோ!" என்று கூவினாள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆனால் விடுமுறை என்ற பிறகு வானத்தோடு யார் வாதாடுவார்? எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது ராமநாதபுரத்துக்கு விட்ட விடுமுறை. தலைமன்னாரில் அன்று பிள்ளைகள் உட்காராத வெறும் வாங்குகளுக்குத்தான் பாடம் நடந்தது.

அப்போது அதிபராக இருந்தவர் பெனடிக்ற் மாஸ்டர். அந்த வெறும் வாங்குகளை அவர் இன்னும் மறக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்று, விளையாட்டுக் கழகத்தின் தலைவராகவும், வருடாந்தக் கால்பந்துச் சுற்றுப்போட்டியின் அறிவிப்பாளராகவும் இருக்கிறார். கதை இந்த இடத்தில்தான் மைக்குக்கு வருகிறது.

மன்னாரில் கால்பந்து என்றால் கடலுக்கும் ஓய்வு. இறுதிப் போட்டியன்று வள்ளங்கள் கரையில் படுத்திருக்கும். மைதானம் கடவைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் கோட்டோரத்தில் உட்கார்ந்து பார்க்கிற றஞ்சிதத்துக்கு ஆட்டம் இனிக்கும், அறிவிப்புக் கசக்கும். "பந்து இப்பொழுது வலப்புறமாக நகர்ந்து கொண்டிருக்கின்றது" என்று மாஸ்டர் பூசை வாசகம் போல இழுப்பார்.

"நகருறது கண் இருக்கிற எல்லாருக்கும் தெரியுது மாஸ்டர்!" என்று கோட்டோரத்திலிருந்து கத்துவாள். "ஏன் கோல் விழேல்ல எண்டு சொல்லுங்கோ!"

ஒரு தடவை, ஒரேயொரு தடவை அந்த மைக் தன் கையில் கிடைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. நகைக்கோ சேலைக்கோ அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. கொன்ஸ்ரன்ரைனிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். அந்தோனியாரிடமும் சொன்னாள். அவர் அதுகூடச் சொல்லவில்லை.

ஆனால் செய்தார். போன ஆவணியில் அரையிறுதி ஆட்டம் தண்டனை உதை வரைக்கும் இழுபட்டுப்போக, பெனடிக்ற் மாஸ்டரின் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாள் அவர் வாயைத் திறந்தால் கிழட்டுச் சேவல் ஒன்று கிணற்றுக்குள் இருந்து கூவுவது போல இருந்தது. இறுதிப் போட்டிக்கு வேறு ஆள் இல்லை. கழகத்தார் கூடி முகத்தை முகம் பார்த்தார்கள். மைக் கட்டுவது பற்றிப் பேச வந்திருந்த தாவூதுதான் வாயைத் திறந்தார்.

"கேற்றடியில ஒரு ஆள் இருக்கிறா. என்ட பெட்டி தாங்குமோ தெரியாது. ஆனா வேற ஆள் இந்த ஊரில இல்ல."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வெறும் வாங்குகள் அவர் கண்ணுக்குள் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடவைக்கு வந்தார். கிணற்றுச் சேவல் குரலில் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிச் சொன்னார்.

"மைக் தாறன். ஆனா அரசியல் ஒரு சொல்லும் வரப்படாது. வந்தால் மைக் போயிடும். இந்த வருசம் மட்டுமில்ல. எந்த வருசமும்."

காரணம் இருந்தது. பிரதம விருந்தினராக ஒரு அரசியல்வாதி வருகிறார். மைதானத்துக்கு வேலி இல்லை. ஆட்டத்தின் நடுவில் கழுதைகள் நடந்து வருவது மன்னார்ப் பக்கம் புதிதல்ல. ஆனால் அதற்கு முந்தைய வருடம் றஞ்சிதத்தின் மகன் ஜெனிஸ்ரன், ஊர் அணியின் கோல்காப்பாளன், உயரப் பந்தைப் பிடிக்கப் பின்னால் போய்க் கழுதையொன்றின் மேல் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பே கேட்டு வந்த வேலியை அதிலிருந்து கழகம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பி வேலி கட்டித் தருவதாக இந்த விருந்தினர் இதற்கு முன் இரண்டு தேர்தல்களில், இரண்டு வேறு சின்னங்களில் வந்து சொல்லியிருக்கிறார். அவர் மனம் கோணினால் அதுவும் இல்லை.

"அந்தோனியார் மேல சத்தியம் மாஸ்டர். வாயத் திறக்கமாட்டன்" என்றாள் றஞ்சிதம். மைக் பிடிக்கப் போகிறவள் செய்கிற சத்தியமா இது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

இரவு கொன்ஸ்ரன்ரைன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "ஏலுமோ?" என்று கேட்டார். அன்றைய சிரட்டை அத்தோடு தீர்ந்தது.

போட்டியன்று பெருநாள் சேலை உடுத்திக்கொண்டு அறிவிப்பாளர் மேசைக்கு வந்தாள். ஒரு பக்கம் காவல் இருப்பது போலப் பெனடிக்ற் மாஸ்டர். மறு பக்கம் பெட்டியும் வயருமாகத் தாவூது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் இஞ்சி இனிப்பு எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்னத்துக்கு நானா?"

"அரசியல் வாற மாதிரி இருந்தா ஒண்டை வாயில போடுங்கோ தங்கச்சி."

ஆட்டம் தொடங்கியது. எதிரணி பக்கத்து ஊரான பேசாலை. கிழக்கு மூலை முழுவதும் பேசாலைச் சனம், பறையும் விசிலுமாக. தாவூதின் ஹோர்ன்கள் நாலு மூலையிலும் நட்டிருந்த கமுகமரங்களில் கட்டப்பட்டிருந்தன. றஞ்சிதம் மைக்கைக் கையில் வாங்கினாள். முதல் வசனத்தை மாஸ்டரைப் போலவே தொடங்கினாள். "பந்து இப்பொழுது..." அவ்வளவுதான். அந்தப் பாஷை அவள் வாயில் நிற்கவில்லை.

"பந்து நல்ல இடத்துக்குத்தான் வந்தது, எங்கட காமில் தம்பிதான் வேற எங்கயோ நிக்கிறார். தம்பி, வெயிலுக்கு நிழல் தேடி வந்தனீங்களோ, விளையாட வந்தனீங்களோ?"

மைதானம் வெடித்துச் சிரித்தது. காமிலும் சிரித்துக்கொண்டே ஓடினான், முன்னைவிட வேகமாக. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தொட்டதற்கெல்லாம் விழுந்து புரண்ட ஒரு தலைமன்னார்ப் பொடியனைப் பார்த்து, "எழும்பு ராசா, உனக்கு ஒண்டும் நடக்கேல்ல. கொம்மா அங்க பாத்துக்கொண்டு நிக்கிறா, உடுப்புத் தோய்க்கிறது அவதான்" என்றாள். நடுவர் ஒரு தவறைக் காணாமல் விட்டபோது, "றெபரி ஐயா நல்ல மனுசன், ஆரையும் குறை பிடிக்கமாட்டார்" என்றாள். பேசாலை முதல் கோலைப் போட்டது. "கோல்காப்பாளர் என்ட மகன்தான். ஆனா இந்தக் கோலுக்கு நான் பொறுப்பில்ல, அது தகப்பன்ட பக்கத்துக் குணம், வாறதைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறது." பேசாலைச் சனம் பறையை அடித்து அவளுக்குச் சலாம் வைத்தது. கூட்டத்துக்குள் நின்ற கொன்ஸ்ரன்ரைன் தலையைக் குனிந்து சிரித்தார். இடைவேளைக்குச் சற்று முன் காமில் ஒன்றைத் திருப்பிப் போட, ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். மாலை போட்டார்கள். மேடையில் பெரிய கதிரையில் இருத்தினார்கள். அவர் எழுந்து, இந்த மண்ணின் கால்பந்தைப் பற்றிப் பேசி, இளைஞர்களைப் பற்றிப் பேசி, கடைசியில், "இந்த மைதானத்துக்குக் கம்பி வேலி அமைத்துத் தருவேன் என்று இந்த இடத்தில் உறுதி கூறுகிறேன்" என்று முடித்தார்.

அதே இடம். அதே உறுதி. றஞ்சிதத்தின் நாக்கு நுனி துடித்தது. ஒரு இஞ்சி இனிப்பைப் போட்டாள். போதவில்லை. இன்னொன்று போட்டாள். இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் நீர் வழிய, கை தட்டினாள். பெனடிக்ற் மாஸ்டர் வாழ்நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துத் தலையாட்டினார். இவள் திருந்திவிட்டாள் என்ற தலையாட்டல் அது.

இரண்டாம் பாதியில் கோல் விழவில்லை. வெயில் சாய்ந்தது. முடியப்போகிற நேரம் பேசாலைக்காரன் ஒருவன் இடப் பக்கத்தால் வெட்டிக்கொண்டு வந்து ஒரு உதை விட்டான். ஜெனிஸ்ரன் வலப் பக்கம் பாய்ந்தான். பந்து இடப் பக்கம் போனது. கோல் என்று பேசாலை எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் புல் மேய்ந்துகொண்டு நின்ற ஒரு தாய்க் கழுதை, தன் குட்டியைத் தேடிக்கொண்டு கோட்டுக்குள் நடந்து வந்தது. பந்து அதன் வயிற்றில் மோதி வெளியே போனது. கழுதை திரும்பிப் பந்தைப் பார்த்தது. பிறகு மகனைப் பார்த்தது, தன் மகனைத்தான், ஜெனிஸ்ரனை அல்ல.

"அது போகவேண்டிய பந்துதான்!" என்று றஞ்சிதம் மைக்கில் கத்தினாள். "பொய் சொல்லேலாது. என்ட மகன் மற்றப் பக்கம் படுத்திருக்கிறான். சரியான இடத்தில நிண்டது கழுதை ஒண்டுதான்!"

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்போடு போகவில்லை. நடுவர் விசிலை ஊதி, வெளியிலிருந்து வந்த மிருகம் பட்டதால் கோல் இல்லை, பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்றார். சட்டம் அதுதான். ஆனால் கண் முன்னே கோலைத் தின்றுகொண்டு கழுதை நிற்கும்போது சட்டம் யாருக்கு வேண்டும்?

"ஆரின்ட கழுதை அது?" என்று பேசாலை மூலையில் இருந்து ஒரு குரல்.

"தலைமன்னார்க் கழுதை! பன்னிரண்டாவது ஆளை இறக்கி விளையாடுறாங்கள்!"

"கழுதைக்கு ஊர் இருக்கோடா? உங்கட ஊரில இருந்து உங்களோட வந்ததா இருக்கும்!" என்று இந்தப் பக்கத்தில் ஒருவன்.

கோட்டைத் தாண்டி இரு பக்கச் சனமும் உள்ளே இறங்கத் தொடங்கியது. பறை நின்றது. யாரோ ஒருவன் சட்டைக் கையை மடித்தான். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு. ஒரு கழுதையால் அது அறுந்துவிடப் போகிறது என்று றஞ்சிதம் கண்டாள். மேசையில் இஞ்சி இனிப்பு இன்னும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். எத்தனை வருடத்து ஆசை. இதோடு சரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து நின்றாள்.

"கழுதையில ஒரு பிழையும் இல்ல!" என்றாள்.

மாஸ்டர் தாவூதைப் பார்த்துக் கண்ணை உருட்டியதை அவள் கடைக்கண்ணால் கண்டாள். தன்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை.

"பேசாலைச் சனங்கள், தலைமன்னார்ச் சனங்கள், எல்லாரும் நிண்டு கேளுங்கோ! இந்தக் கழுதை ஒருநாளும் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்ல. வேலி கட்டித் தாறன் எண்டு அது சொல்லேல்ல. சொன்னவர் அங்க மேடையில பெரிய கதிரையில இருக்கிறார். போன தேர்தலுக்கும் சொன்னவர், அதுக்கு முன்னத்தைக்கும் சொன்னவர், இண்டைக்கும் இடைவேளைக்குச் சொன்னவர். அடிபடுறதெண்டா ஏன் உங்களுக்குள்ள அடிபடுறீங்கள்? கோலைத் தடுத்தது கழுதை இல்ல, கட்டாத வேலி! அந்த வாயில்லாச் சீவன் பாவம். அது சொன்ன நேரத்துக்கு மேய வருது, சொன்ன நேரத்துக்குப் போகுது. இந்த மைதானத்தில சொன்னபடி நடக்கிறது அது ஒண்டுதான்!"

அப்புறம் பேசாலை மூலையில் யாரோ ஒருவர் சிரித்தார். ஒரு கிழவர், பல் இல்லாத வாய். அந்தச் சிரிப்பு அடுத்தவனுக்குத் தொற்றி, அங்கிருந்து மூலை முழுவதும் பரவி, நடுக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. சட்டைக் கையை மடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிட்டான். எல்லாருடைய கண்ணும் மேடைக்குத் திரும்பியது.

விருந்தினர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் அரசியலில் அவர் நேற்று வந்தவர் அல்ல. சிரிக்கிற கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்காவிட்டால் அந்தச் சிரிப்பு வாக்குப் பெட்டி வரைக்கும் பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். இறங்கி வந்து மைக்கை வாங்கினார். "அன்பார்ந்த..." என்றார். சத்தம் வரவில்லை. தட்டிப் பார்த்தார். வரவில்லை. தாவூது அவசரமாகக் குனிந்து பெட்டிக்குப் பின்னால் ஏதோ வயரைச் செருகினார். கீ என்ற சத்தத்தோடு ஹோர்ன்கள் உயிர் பெற்றன.

"அம்மா சொன்னது நியாயம். வேலி வரும். வாற கிழமை தூணும் கம்பியும் இறங்கும்."

"எந்த நாள் எண்டும் சொல்லிப்போடுங்கோ ஐயா!" என்றாள் றஞ்சிதம், மைக் இல்லாமலே. "வாற கிழமை எண்டு கனக்க இருக்கு!"

"திங்கட்கிழமை!" என்றார் அவர், வேறு வழியில்லாமல். அந்தத் திங்கட்கிழமைக்கு விழுந்த கைதட்டலில் தாய்க் கழுதை குட்டியையும் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டது.

ஆட்டம் தண்டனை உதைக்குப் போனது. பேசாலை வென்றது. ஜெனிஸ்ரன் இரண்டைப் பிடித்தான், மூன்றை விட்டான். "சராசரி மோசமில்ல" என்று தாய் சொன்னாள், ஆனால் மைக்கில் அல்ல. ஏனென்றால் பெனடிக்ற் மாஸ்டர் மேசையிலிருந்து மைக்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். றஞ்சிதம் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சத்தியம் முறித்தவளுக்கு என்ன வழக்கு? கொன்ஸ்ரன்ரைன் வந்து பக்கத்தில் நின்றார். கதிரையில் கிடந்த அவளுடைய தோள் துணியை எடுத்து அவளுக்கே கொடுத்தார். அவரைப் பொறுத்தவரையில் அது ஒரு நீண்ட பேச்சு.

பரிசளிப்பு முடிந்து போகும்போது விருந்தினர் அவளருகில் நின்றார்.

"நல்லாப் பேசுறீங்கள் அம்மா. எங்கட கட்சியில தேர்தலுக்கு நில்லுங்கோவன்."

"எந்தக் கட்சியில ஐயா? இப்ப இருக்கிறதிலயோ, அடுத்ததிலயோ?"

அவர் வாகனத்துக்குள் ஏறும் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். உள்ளே ஏறிய பிறகு சிரித்தாரோ தெரியாது.

பேசாலைக் கழகத்தின் தலைவர் யோகராசா கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். "அக்கா, தையில எங்கட சுற்றுப்போட்டி. நீங்கள்தான் அறிவிக்கவேணும்" என்றார். "நீங்கள் இல்லாட்டி ஆட்டம் வைக்கிறதில அர்த்தமில்ல."

"அரசியல் கதைப்பனே தம்பி?"

"அதுக்குத்தானே கூப்பிடுறம்."

றஞ்சிதம் மடியில் மைக்கோடு இருந்த மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மாஸ்டரின் காது சிவந்திருந்தது, தன் வீட்டுக் கோழி அயல் வீட்டில் முட்டையிடப் போகிறது என்று கேள்விப்பட்டவரைப் போல.

வேலி வந்தது. திங்கட்கிழமையே வந்தது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். வந்தது புதன்கிழமை. தூண் நட்டு, கம்பி இழுத்து, மூன்று பக்கமும் அடைத்தார்கள். நாலாம் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. "அதை அடுத்த தேர்தலுக்கு வச்சிருக்கிறார்" என்று கடவையில் றஞ்சிதம் தீர்ப்புச் சொன்னாள். கழுதைகள் கொஞ்சம் சுற்றி நடந்து நாலாம் பக்கத்தால் வருகின்றன.

போன கிழமை மடுத் திருத்தலத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் தலைமன்னாரையும் பார்க்கலாம் என்று வந்த ஒரு பஸ், பூட்டிய கேற்றில் அகப்பட்டுக்கொண்டது. பக்கத்தில் தாவூதின் ஓட்டோ. அதற்குப் பின்னால், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, குரல் திரும்பி வந்துவிட்ட பெனடிக்ற் மாஸ்டர். கோச்சி வருகிற நேரம் மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் முன்னதாக மிதித்திருந்தால் தாண்டியிருக்கலாம். ஏனோ அவரும் இப்போதெல்லாம் அகப்பட்டுக்கொள்கிறார்.

பஸ் யன்னலில் இருந்த ஒரு பெண் மைதானத்தைக் காட்டி, "ஏன் அக்கா மூண்டு பக்கம் மட்டும் வேலி?" என்று கேட்டுவிட்டாள். றஞ்சிதத்துக்கு அது போதும். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கழுதையில் தொடங்கித் திங்கட்கிழமை வரைக்கும் அபிநயத்தோடு சொன்னாள். கழுதை இந்த முறை பந்தைக் காலால் திருப்பி அடித்தது. விருந்தினர் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலுக்கு யன்னல் தலையை நீட்டிச் சிரித்தார்கள்.

"நான் அந்த மைக்கைப் பிடிச்சுக் குடுத்த குடுப்பில, நாலு மூலை ஹோர்னும் அதிர்ந்து, கமுகமரமே ஆடினது பிள்ளை!" என்று முடித்தாள். "லவுட்ஸ்பீக்கர் எண்டா அப்பிடி ஒரு லவுட்ஸ்பீக்கர், எங்கட தாவூது நானாட லவுட்ஸ்பீக்கர்!"

தாவூது ஓட்டோவிலிருந்து இறங்கினார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லும் என்பது போலக் கையை அசைத்தார்.

"தங்கச்சி, கழுதை உதைச்சதெண்டு சொல்லுங்கோ, பரவாயில்ல. என்ட லவுட்ஸ்பீக்கரில மட்டும் பொய் சொல்லாதீங்கோ. 'கழுதையில பிழையில்ல' எண்டு நீங்க வாயத் திறந்த உடனயே மாஸ்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார், நான் வயரைக் கழட்டிட்டன். மிச்சம் முழுக்க, கடைசிச் சொல்லு வரைக்கும், உங்கட வெறும் வாய்தான். தனுஷ்கோடிக்குக் கேட்டுதோ எனக்குத் தெரியாது. ஆனா பேசாலைச் சனம் நிண்ட மூலைக்கு என்ட ஹோர்ன் இல்லாமத்தான் கேட்டது."